பள்ளிக்கூடத்தில் உதவி மேஜை: மாணவர் தொண்டும் மாணவர் சொல்லும்

மாணவர்களுக்குக் கணினி வழங்கும் திட்டம் ஒன்றை எந்த சர்க்கார் பிரசித்தம் செய்தாலும் இரண்டு எண்கள் தவறாமல் வெளிவருகின்றன. பெட்டிகள் எத்தனை லட்சம் என்பது ஒன்று. ரூபாய் எத்தனை கோடி என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் அச்சாகின்றன. சட்டசபையில் ஆதரித்துப் பேசுவோரும் எதிர்த்துப் பேசுவோரும் இவற்றையே கையிலெடுத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். வழங்கிய பெட்டி ஆறாம் மாதத்தில் பழுதானால் அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, அவர் எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்ற எண் மாத்திரம் எங்கும் அகப்படுவதில்லை. 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் தமது வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினிச் சாதனம் வழங்கப் போவதாகத் தெரிவித்தார்கள். விடுபட்ட அந்த மூன்றாவது எண்ணைப் பற்றி யோசிக்க இது தக்க சமயமென்று நாம் கருதுகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள பல பள்ளிக்கூடங்கள் இக்கேள்விக்கு ஒரு விசித்திரமான விடையைக் கண்டிருக்கின்றன. பழுது பார்க்கும் காரியத்தில் ஒரு பகுதியை அவை மாணவர்களிடமே ஒப்படைத்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஓர் அறை, அறையில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னே இரண்டு மூன்று மாணவர்கள். கணினி பழுதான பிள்ளை அங்கே வருகிறான்; உபாத்தியாயரும் வருகிறார். இதற்கு அவர்கள் ஹெல்ப் டெஸ்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் உதவி மேஜை என்று சொல்லலாம். மேஜை என்ற சொல்லும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து விட்டுப் போனதுதான். ஆயினும் அது நம் வீட்டில் வந்து உட்கார்ந்து பல தலைமுறையாகிவிட்டபடியால் இப்போது யாரும் அதை அந்நியமென்று சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு நேற்றுத் தோன்றியதன்று. 1995-ம் வருஷத்தில் வாஷிங்டன் மாகாணத்து ஒலிம்பியா நகரத்துப் பள்ளிக்கூடங்களில் டென்னிஸ் ஹார்ப்பர் என்ற கல்வியாளர், கணினி தெரிந்த மாணவர்களை உபாத்தியாயர்களோடு இணைத்து, அவர்களுடைய பாடங்களுக்குக் கணினியைப் பயன்படுத்தும் வழியைச் சொல்லிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்தார். ‘ஜெனரேஷன் யெஸ்’ என்று பின்னர் பெயர் பெற்ற அந்த முயற்சி வேறு பல இடங்களுக்கும் பரவிற்று. 2002-ல் மெயின் மாகாணம், அக்காலத்தில் கவர்னராயிருந்த ஆங்கஸ் கிங் என்பவரின் முயற்சியால், தன் சர்க்கார் பள்ளிகளில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிற்று. ஒரே மாகாணத்தில் ஆயிரக்கணக்கான பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தினந்தோறும் கணினியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் எத்தனை கீழே விழும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். பழுது பார்க்கும் சிப்பந்தி ஒருவரோ இருவரோ, பெட்டிகள் நூற்றுக்கணக்கில். மாணவர்களைத் துணைக்கு அழைக்கும் யோசனை தத்துவ ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததைக் காட்டிலும் இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததென்று சொல்வதே பொருத்தமாகும். அதில் குறையொன்றுமில்லை. நல்ல ஸ்தாபனங்கள் பலவும் அப்படித்தான் பிறந்திருக்கின்றன.

அந்த மேஜையில் நடக்கும் வேலை என்ன? வருகிற குறைகளில் பெரும்பாலானவை அற்பமானவை. கடவுச்சொல் மறந்து போயிற்று; மின்னேற்றி வேலை செய்யவில்லை; வலைத்தொடர்பு கிடைக்கவில்லை; விசைப்பலகையில் ஓர் எழுத்து பெயர்ந்து விட்டது; திரை உடைந்து விட்டது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு சீட்டு எழுதப்படுகிறது. கொண்டுவந்தவர் யார், பெட்டியின் எண் என்ன, குறை எப்போது முதல், இதற்கு முன் இதே பெட்டி வந்ததுண்டா என்பவையெல்லாம் அதில் பதிவாகின்றன. இந்தச் சீட்டைச் சாமானியமாக நினைக்கக் கூடாது. ஒரே மாதத்தில் இருபது பெட்டிகள் ஒரே இணைப்புத் துவாரம் பழுதாகி வந்தால், பிள்ளைகளின் முரட்டுத்தனத்தின் மேல் பழிபோட முடியாது. செய்தவன் வேலையில் குற்றம் என்பது சீட்டிலிருந்தே வெளியாகிவிடும். கொள்முதல் செய்யும் அதிகாரிக்கு அடுத்த வருஷம் யாரிடம் வாங்குவது என்று சொல்லக்கூடிய சாட்சியம் அதுவே.

இரண்டாவது வேலை இன்னும் கடினமானது. வந்தவரிடம் கேள்வி கேட்டு உண்மையை வரவழைப்பது. ‘ஒன்றும் செய்யவில்லை, தானாகவே நின்று விட்டது’ என்று சொல்லிக்கொண்டு தண்ணீர் சொட்டும் பெட்டியை நீட்டுகிற மாணவனை நோக்கிக் கோபிக்காமல், ‘தண்ணீர் எப்போது பட்டது? அதன் பிறகு மின்சாரத்தில் இணைத்தாயா?’ என்று கேட்கத் தெரிய வேண்டும். குறுக்கு விசாரணையில் பழகிய வக்கீல்களுக்கே எளிதில் கைவராத வித்தை இது. சாட்சியை அச்சுறுத்தினால் அவன் பொய்யில் உறுதிப்படுவான். சாட்சிக்கு வழிவிட்டால் அவனே உண்மைக்கு வந்து சேருவான். பதினைந்து வயதில் இதைக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, பிற்காலத்தில் கணினியையே தொடாவிட்டாலும், நஷ்டமடைய மாட்டான்.

உபாத்தியாயருக்கு உதவுவது மூன்றாவது. நம் நாட்டில் இதை நினைத்துப் பார்ப்பதே பலருக்குக் கூச்சமாயிருக்கலாம். காலையில் கணக்குப் பாடத்தில் இவனைக் கண்டித்தவர், மத்தியானம் இவனிடமே வந்து நின்று, படம் காட்டும் கருவியைக் கணினியோடு இணைப்பது எப்படி என்று கேட்கிறார். மரியாதை கெட்டுப் போகுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று ஒப்புக்கொண்டு கேட்கும் குருவிடம் சிஷ்யனுக்கு மதிப்புக் குறைந்ததாக நாம் கண்டதில்லை.

இனி, ஒரே மாகாணத்தைச் சேர்ந்த இரண்டு பள்ளி நிர்வாகங்களின் கதையை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். பெட்டி எப்படிப்பட்டது, விலை எவ்வளவு என்ற சர்ச்சைகளைவிட முக்கியமான ஒன்று இவ்விரண்டிலிருந்தும் விளங்கும். மாகாணம் பென்ஸில்வேனியா.

அங்கே லங்காஸ்டர் ஜில்லாவில் பென் மேனர் என்ற பள்ளி நிர்வாகம் இருக்கிறது. 2014-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஏறத்தாழ 1,700 மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. விலைக்கு வாங்கும் மென்பொருளை விட்டு, உபுண்டு லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளை அவற்றில் அமைத்தார்கள். தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த சார்லி ரைசிங்கர் என்பவர் 2016-ல் இதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். உரிமக் கட்டணம் மிச்சமானது ஒருபுறமிருக்கட்டும். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, மாணவர்களுக்குத் தங்கள் கணினியின் மீது நிர்வாகி உரிமை அளிக்கப்பட்டது. அதாவது, பெட்டியைத் திறந்து பார்க்கவும், வேண்டிய மென்பொருளை ஏற்றவும், தவறிப்போனால் கெடுத்துக்கொள்ளவுங்கூட அவர்களுக்கு அதிகாரமிருந்தது. இரண்டாவது, உதவி மேஜை மாணவர்களால் நடத்தப்பட்டது. அந்த வேலை பள்ளிப் படிப்பின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆயிரத்து எழுநூறு பெட்டிகளில் ஒவ்வொன்றாக மென்பொருளை ஏற்றுவதென்றால் எத்தனை நாளாகும்! பல பெட்டிகளில் ஒரே சமயத்தில் ஏற்றக் கூடிய கருவி தேவைப்பட்டது. கிடைத்த கருவிகள் போதவில்லை. உதவி மேஜையில் தொண்டு செய்த மாணவர் ஒருவர் அதற்கென்றே ஒரு மென்பொருளை எழுதினார். அது வேறு எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பகிரங்கமாக வெளியிடவும்பட்டது. கருவியைப் பூட்டி வைத்திருந்தால் இந்த வாலிபர் அதை எழுதியிருக்க முடியாது. பூட்டைத் திறக்கும் வழியைத் தேடுவதிலேயே அவர் புத்தி செலவாகியிருக்கும். பள்ளிக்கூடங்களில் கெட்டிக்காரப் பிள்ளைகள் ‘தொல்லை கொடுப்பவர்கள்’ என்று பெயரெடுப்பதன் ரகசியம் பாதி இதுதான்.

அதே மாகாணத்தில் பிலடெல்பியா நகரை அடுத்துள்ள செல்வந்தர் வட்டாரத்தில் லோயர் மேரியன் என்ற மற்றொரு பள்ளி நிர்வாகம். அவர்கள் பென் மேனருக்கு முன்பே, 2008 முதல், இரண்டு உயர்நிலைப் பள்ளிகளில் படிப்படியாக ஏறத்தாழ 2,300 ஆப்பிள் மடிக்கணினிகளை வழங்கினார்கள். திருட்டுப் போனால் கண்டுபிடிப்பதற்கென்று அவற்றில் ஒரு மென்பொருள் வைக்கப்பட்டிருந்தது. தூரத்திலிருந்து அதை இயக்கினால், கணினியின் காமிரா தன் எதிரே இருப்பவரைச் சில நிமிஷங்களுக்கு ஒரு முறை படமெடுத்து அனுப்பும். திரையில் உள்ளதையும் படமெடுத்து அனுப்பும். இது பற்றிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை.

2009-ம் வருஷம் நவம்பரில் ஒரு மாணவனைத் துணைத் தலைமையாசிரியர் அழைத்து, வீட்டில் அவன் தகாத காரியம் செய்ததாகக் கண்டித்தார். ஆதாரம், அவன் கணினி அவனுடைய வீட்டில் எடுத்த படம். அவன் கையிலிருந்தவை மாத்திரைகள் என்று பள்ளியார் எண்ணினார்கள். மிட்டாய் என்று அவனும் குடும்பத்தாரும் சொன்னார்கள். மாத்திரையா மிட்டாயா என்பதன்று விஷயம். ஒரு பிள்ளை தன் படுக்கையறையில் இருக்கையில் பள்ளிக்கூடத்தின் கண் அவன் மேல் இருந்தது. 2010-ம் வருஷம் பிப்ரவரியில் வழக்குத் தொடரப்பட்டது. பின்னர் நடந்த விசாரணையில், இரண்டு வருஷ காலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தது வெளியாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவை காணாமற் போன பெட்டிகளைத் தேடும்போது எடுக்கப்பட்டவையே. ஆனால் பெட்டி கிடைத்த பிறகும் மென்பொருளை நிறுத்த மறந்து விட்டார்கள். குற்றம் செய்யும் நோக்கத்துக்குச் சாட்சியமில்லையென்று அரசாங்க வழக்கறிஞர்கள் 2010 ஆகஸ்டில் கிரிமினல் நடவடிக்கையைக் கைவிட்டார்கள். அக்டோபரில் 6,10,000 டாலருக்குச் சமரசமாயிற்று. இதில் 4,25,000 டாலர் வக்கீல்களுக்குப் போயிற்று என்பதை, அத்தொழிலைச் சேர்ந்தவர் என்ற முறையில், நாம் சிறிது தாழ்ந்த குரலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பலரும் காமிராவைப் பற்றி எழுதினார்கள். நாம் இங்கே எடுத்துக்காட்ட விரும்புவது வேறு. நிர்வாகத்தார் அமைத்த விசாரணையின் அறிக்கையில் ஒரு செய்தி காணப்படுகிறது. 2008 ஆகஸ்டில், அதாவது பெட்டிகள் மாணவர் கைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, அந்நிர்வாகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பயிற்சிக்காக வேலை செய்து வந்த மாணவன் ஒருவன் இந்த மென்பொருளைக் கண்டு கொண்டான். கண்டவன் சும்மாயிருக்கவில்லை. இப்படிப்பட்ட சக்தி இருக்கிறதென்பதை மாணவர்களுக்குத் தெரிவிப்பதுதான் நியாயம், அவர்களுடைய அந்தரங்கம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதினான். வீட்டிலிருக்கும் மாணவர்களைக் கண்காணிக்கும் பேச்சுக்கே இடமில்லை என்று பதில் வந்தது. அவனும் மேற்கொண்டு என்ன செய்வான்? விஷயம் அத்தோடு முடிந்தது. பதினெட்டு மாதம் கழித்து, அவன் எழுதியதே கோர்ட்டில் வழக்காக வந்து நின்றது.

அந்த மின்னஞ்சலை ஒருவர் நிதானமாகப் படித்து, பெற்றோருக்கு ஒரு பக்கம் அறிக்கை அனுப்பியிருந்தால் வழக்குமில்லை, அபகீர்த்தியுமில்லை. ஆனால் எழுதியவன் சம்பளம் வாங்கும் நிபுணனல்லன். உதவிக்கு வைத்துக்கொண்ட பையன். அவன் கைகள் வேலைக்குத் தேவைப்பட்டன. அவன் சொல் தேவைப்படவில்லை. தொண்டர்களை வைத்து நடத்தப்படும் எந்தக் காரியத்திலும் உள்ள பெரிய அபாயம் இதுவே. பொது வாழ்வில் ஈடுபட்ட நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பந்தல் போடவும் நாற்காலி அடுக்கவும் தொண்டர் வேண்டும். தீர்மானம் எழுதும் அறைக்குள் அவர் தலைநீட்டினால் முகம் சுளிப்பார்கள்.

உதவி மேஜையிலிருக்கும் மாணவனுக்கு ஒரு விசேஷமான ஸ்தானம் இருக்கிறது. ஒரு காலால் அவன் நிர்வாகத்தின் பக்கம் நிற்கிறான். மற்றொரு காலால் மாணவர்களின் பக்கம் நிற்கிறான். கருவிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். அதை உபயோகிக்கிறவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதும் தெரியும். அதிகாரிக்கு முன்னதே தெரியும். மற்ற மாணவர்களுக்குப் பின்னதே தெரியும். இரண்டும் தெரிந்த ஒருவன் பேசினால் அதைக் கேட்டுப் பதிவு செய்து, எழுத்து மூலமாய் விடையளிக்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டென்று நாம் வற்புறுத்துகிறோம். பழுதான பெட்டிக்குச் சீட்டு எழுதுவது போலவே பழுதான விதிக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2023-ம் வருஷத்தில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்று விதிக்கிறது. மிக நல்லது. ஆனால் சட்டத்தை வாசிக்கிறவர் அதன் விலக்குகளையும் வாசிக்க வேண்டும். 2025 நவம்பரில் வெளியான விதிகளில், கல்வி சம்பந்தமான காரியங்களுக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கல்வி ஸ்தாபனங்கள் செய்யும் கண்காணிப்புக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தின் முக்கியமான கடமைகளும் அந்த அறிவிப்பிலிருந்து பதினெட்டு மாதம் கழித்தே அமலுக்கு வரும்படி ஏற்பாடாயிருக்கிறது. லோயர் மேரியன் நிர்வாகத்தாரும் திருட்டிலிருந்து பாதுகாப்பதற்காகத்தான் அந்த மென்பொருளை வைத்தார்கள் என்பதை நினைவிற்கொண்டால், ‘பாதுகாப்பு’ என்ற ஒரு சொல் எத்தனை கதவுகளைத் திறக்கக்கூடும் என்பது விளங்கும். எழுதப்பட்ட சட்டம் ஆளில்லாத காவற்கூண்டு. உள்ளே நின்று பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். பள்ளிக்கூடத்தில் அந்த ஒருவர் பெரும்பாலும் உதவி மேஜை மாணவராகவே இருப்பார்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். ‘சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலையைப் பிள்ளைகளிடம் வாங்கிக்கொண்டு, அதற்குத் தொண்டு என்றும் பயிற்சி என்றும் அழகான பெயர் வைக்கிறீர்கள்’ என்பது அவ்வாதம். இதை அலட்சியம் செய்ய முடியாது. பள்ளி அறைகளைக் கூட்டுவதற்கும் தண்ணீர் தூக்குவதற்கும் ஏழைப் பிள்ளைகளை ஏவிய வழக்கம் நம் நாட்டில் இருந்ததை நாம் அறிவோம். எந்த ஜாதிப் பிள்ளைகள் எந்த வேலைக்கு ஏவப்பட்டார்கள் என்பதையும் அறிவோம். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பிறகு, பதினான்கு வயதுக்குட்பட்டோரை, குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, எத்தொழிலிலும் அமர்த்தக் கூடாது. ஆகவே எல்லைக் கோடு தெளிவாகப் போடப்பட வேண்டும். நமது அபிப்பிராயத்தில் அதற்கு உரைகல் ஒன்றே. அந்த மாணவன் நாளை வராமல் நின்றுவிட்டால் பள்ளிக்கூடத்தின் கணினிகள் நின்று போகுமா? நின்று போகுமானால் அவன் தொண்டனல்லன். கூலி கொடுக்கப்படாத சிப்பந்தி. தேர்ந்த சிப்பந்தி ஒருவர் இருந்து, மாணவர் அவருக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டே உதவினால் அது கல்வி. பென் மேனரில் மாணவர்களுக்குப் பின்னால் சம்பளம் வாங்கும் தொழில்நுட்ப சிப்பந்திகள் இருந்தார்கள். அவர்களை நீக்கிவிட்டு மேஜையை மாத்திரம் இறக்குமதி செய்கிறவர்கள் செலவுச் சிக்கனம் செய்கிறார்கள். கல்வித் தொண்டு செய்யவில்லை.

அபாயங்களும் இல்லாமற் போகவில்லை. மடிக்கணினியின் லித்தியம் மின்கலம் உப்பிக்கொண்டு வந்தால் அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது, தீப்பிடிக்கும். அதைப் பிள்ளைகள் தொடவே கூடாதென்பது எழுதி ஒட்டப்பட வேண்டிய விதி. அதைவிட நுட்பமானது மற்றொன்று. பழுதான பெட்டிக்குள் பிறருடைய கடிதங்களும் படங்களும் இருக்கின்றன. உபாத்தியாயரின் பெட்டியில் மதிப்பெண் பட்டியலும் வினாத்தாளும் இருக்கக்கூடும். சக மாணவனின் கடவுச்சொல்லை அறிய நேர்ந்த பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்தை நாம் சோதிக்கக் கூடாது. மாணவர் தொடக்கூடிய வேலை எது, உள்ளடக்கத்தைத் திறக்க வேண்டிய வேலை எது என்று பிரித்து, பின்னதைச் சிப்பந்தியிடமே விடுவதுதான் முறை. சோதனைக்கு உட்படுத்தாமலிருப்பதும் நம்பிக்கையில் ஒரு வகையே.

அமெரிக்கா வரையில் போவானேன், அடுத்த வீட்டைப் பாருங்கள் என்று நேயர்கள் சொல்லக்கூடும். நியாயமே. கேரளத்தில் 2018-ம் வருஷம் ஜனவரியில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற மாணவர் கழகங்கள் தொடங்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளிகள் சுமார் இரண்டாயிரத்தில் இவை நிறுவப்பட்டன. சேர்ந்த மாணவர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. எட்டாம் வகுப்பிலேயே ஒரு தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். கணினியின் பாகங்கள், மின்னணுவியல், அசைபடம், மலையாளத்தில் கணினிப் பயன்பாடு, இணையத்தில் தற்காப்பு ஆகியவற்றில் பயிற்சி தருகிறார்கள். வகுப்பறைக் கருவிகளைப் பேணுவதிலும் இம்மாணவர்கள் உதவுகிறார்கள். 2022-ல் இப்பிள்ளைகளைக் கொண்டே தாய்மார்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. வீட்டில் அதட்டி வளர்த்த தாய், பள்ளிக்கூடத்தில் தன் மகளிடம் பாடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை நினைக்கும்போதே மனம் குளிர்கிறது. இவை திடீரென்று முளைத்தவையல்ல. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘ஐடி அட் ஸ்கூல்’ என்ற பெயரால் அங்கே வேலை தொடங்கிவிட்டது. கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் பயன்படுத்துவதென்று முடிவு செய்து, மந்திரி சபைகள் மாறினபோதும் அவர்கள் அதை விடாமல் நடத்தியிருக்கிறார்கள். கேரளத்தாரின் கட்சிப் பூசல்களைப் பற்றி நமக்குத் தெரியாததொன்றுமில்லை. ஆயினும் இந்த ஒரு காரியத்தில் பூசல் வாசற்படியோடு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டிலோ, 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதம் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம், அது நின்றுபோவதற்குள், ஏறத்தாழ ஐம்பது லட்சம் பெட்டிகள் மாணவர் கைக்குப் போயின. தொகையில் இதற்கு ஈடு சொல்லக்கூடிய திட்டங்கள் உலகத்திலேயே சிலதான் இருக்கும். அப்பெட்டிகள் பலவற்றில் சென்னையிலுள்ள ஸீ-டாக் என்ற மத்திய அரசாங்க ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் வைக்கப்பட்டிருந்தது. திறந்து பார்க்கவும் மாற்றி எழுதவும் கூடிய கருவி நம் பிள்ளைகள் கையில் இருந்தது. திறந்து பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஒரு மேஜை இல்லை. பெட்டி வீட்டுக்குப் போயிற்று. பழுதானபோது கடைத்தெருவுக்குப் போயிற்று. கடைக்காரர் கேட்ட தொகை கையிலில்லாதபோது பரண்மேல் ஏறிற்று. பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் சமயத்தில் பெட்டி கிடைத்தவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து கேட்கவும் வழியில்லை.

கல்லூரி மாணவர்களுக்கென்று 2025-ல் அறிவித்த திட்டத்தில் இக்குறைக்கு இடமிருக்க வேண்டியதில்லை. பெட்டி வாங்கியவன் இரண்டு மூன்று வருஷம் அதே கல்லூரியில் இருக்கிறான். வயதும் வந்தவனாகையால் மேலே சொன்ன குழந்தைச் சட்டங்களின் சிக்கலும் பெரும்பாலும் இல்லை. பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பழுது பார்க்கும் தொழிலையே கற்கிற மாணவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலுள்ள கலைக் கல்லூரியின் மேஜைக்கு அவர்களை அழைக்கலாம். காலமும் நெருக்குகிறது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கிடைத்து வந்த பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் நிறுத்திவிட்டபடியால், நல்ல நிலையிலுள்ள பழைய பெட்டிகள் பலவும் பாதுகாப்பற்றவையாகிக் குப்பைக்குப் போகும் நிலைமை ஏற்பட்டிருக்கிறது. அவற்றில் லினக்ஸை ஏற்றி இன்னும் சில வருஷம் ஓட்ட முடியும். பள்ளிகளில் கிடக்கும் பழைய பெட்டிகளைக் கொண்டே வேலையைத் தொடங்கலாம். புதுப் பெட்டியைத் திறக்க அஞ்சுகிற கை பழைய பெட்டியில் பழகட்டும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய தொகையன்று. பெட்டி வழங்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் சம்பளம் பெறும் ஒரு தேர்ந்த சிப்பந்தி. அவருக்கு ஓர் அறை. நூறு பெட்டிக்கு இத்தனை என்ற கணக்கில் திரை, விசைப்பலகை, மின்னேற்றி முதலிய மாற்றுப் பாகங்களை விற்பனையாளரே கொடுத்துவிட வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. உள்ளே வைத்திருக்கும் கண்காணிப்பு மென்பொருள் இன்னது, அதை இயக்கும் அதிகாரம் இன்னாருக்கு என்று தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துப் பெட்டியோடு கொடுக்க வேண்டும். மேஜையில் தொண்டு செய்கிற மாணவர்கள் எழுதிக் கொடுக்கும் ஆட்சேபங்களுக்குப் பதினைந்து நாளில் எழுத்து மூலம் பதில் தருவதென்றும், கேள்வியையும் பதிலையும் கல்லூரி விளம்பரப் பலகையில் ஒட்டுவதென்றும் அரசாணையிலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரிக்கு டெண்டர் கோர வேண்டியதில்லை.